கனத்த போர்டு ஒன்று, லேசான போர்டு நாலு

தாராவி, மும்பை
22.6.2025

அன்புள்ள மருமகன் கதிரவனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. வெளியூர்களில் வேலை பார்க்கும் நம் கல்லிப் பிள்ளைகள், நம் சந்தில் வளர்ந்தவர்கள், இங்குள்ள நம் சங்கத்துக்காகச் சேர்த்திருக்கும் பணத்தின் கணக்கையும் பார்த்தேன். மனசு நிறைந்துபோனது. அந்தப் பணத்துக்கு உலகப் போட்டியில் போடுகிற தரத்தில் ஒரே ஒரு கேரம் போர்டு வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அத்தை என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். முழுப் பணத்தையும் ஒரே போர்டில் போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன். நீ வாசித்துவிட்டு மற்றவர்களுக்கும் காட்டு.

அதே கடிதத்தில், ஆபீஸ் நண்பர்களோடு பெயிண்ட்பால் ஆடப் போனதையும் எழுதியிருந்தாய். கூடுதல் வாடகை கட்டியவர்களுக்கு வேகமாகச் சுடும் துப்பாக்கி, மற்றவர்களுக்குச் சாதாரணத் துப்பாக்கி. முதல் தடவை வந்த பெண்கள் ரெண்டு சுற்றிலேயே உடம்பெல்லாம் கன்றிப்போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வருத்தத்திலேயே இருக்கிறது.

அந்த விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியுமா? 1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில், 12 பேர் ஆளுக்கொரு துப்பாக்கியோடு இறங்கினார்கள். மரங்களுக்கும் மாடுகளுக்கும் பெயிண்ட் அடையாளம் வைப்பதற்காக நெல்சன் என்ற பெயிண்ட் கம்பெனி விற்றுவந்த துப்பாக்கி அது. ஒரு குண்டு சுட்டால், கையால் இழுத்து ஏற்றித்தான் அடுத்த குண்டைச் சுட முடியும். அன்றைக்கு ஜெயித்த ரிச்சி ஒயிட் என்பவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காடு பழகிய மனிதர். யார் கண்ணிலும் படாமல் பதுங்கிப் போய் எல்லாக் கொடிகளையும் எடுத்துவந்துவிட்டார். பிற்பாடு விசையை அழுத்தினால் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வந்தது. அப்புறம் பேட்டரியில் ஓடுவது வந்தது. ஒரு நொடியில் பத்துக் குண்டுக்கு மேல் போகும். போட்டிக்காரர்களுக்கு அது பெரிய வளர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஆடிப் பார்க்க வந்தவருக்கு வலியும் குண்டுச் செலவும்தான் கூடின. அதனால்தான் இப்போது பொழுதுபோக்குக்கு ஆடும் இடங்கள் பலவற்றில் சுடும் வேகத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு 0.68 அங்குலக் குண்டுக்குப் பதிலாக 0.50 அங்குலக் குண்டு கொடுக்கிறார்கள். ஆட்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

வேகம் கூடினால் புதியவர் ஒதுங்கிப்போவது கேரமில் இன்னும் கூர்மையாக நடக்கும். காய் குழியில் விழுந்தால் மறுபடியும் நம் கைதான். தவறும்வரை ஆடிக்கொண்டே இருக்கலாம். போர்டு எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவுக்குக் கைதேர்ந்தவர் தவறுவது குறையும். பிரேக் போட்டவரே ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே கையில் எடுத்து ‘ஒயிட் ஸ்லாம்’ போட்டுவிட்டால் எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே அந்தச் சுற்று முடிந்துவிடும். போட்டியில் அதைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். ஆனால் நேற்று கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை அந்த எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாளைக்கு அது ஆட வருமா?

மாட்டுங்கா லேபர் கேம்பில் நாங்கள் ஆடிய போர்டை நீ பார்த்ததில்லை. சன்னமான பிளைவுட், ஒடுக்கமான சட்டம், மூலைகளில் நூல் வலை. பத்து வயசுப் பெண் ஒருத்தியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவாள். நடுவே லேசாகத் தொய்ந்திருக்கும். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் களைத்து நின்றுவிடும். யாரும் தொடர்ந்து மூன்று காய் போட முடியாது. அதனால் கை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்கு ஒரு விலை, கறுப்புக்கு ஒரு விலை, சிவப்பைப் போட்டு அடுத்து ஒரு காயையும் ஃபாலோவாகப் போட்டால் தனி விலை என்று பாயிண்ட் ஆட்டம். நாலு பேர் ஆட, எட்டுப் பேர் வேடிக்கை பார்க்க, வேடிக்கை பார்த்தவர்கள் அடுத்த ஆட்டத்தில் உட்காருவார்கள்.

அந்த போர்டு எங்கே இருக்கும் தெரியுமா? மத்தியானம் ரெண்டு மணிக்குத் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, தண்ணீர் புழங்கும் மோரியைக் கழுவி முடித்த பிறகு, யார் வாசலில் நிழல் இருக்கிறதோ அங்கே. ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துவிட்டால் போதும். பெண்கள் ஆடினோம், கதிரவா. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அதே போர்டு பையன்கள் கைக்குப் போகும். ராத்திரி தோல் பட்டறையிலிருந்து வரும் ஆண்களுக்கு. ஒரு போர்டை ஒரு கல்லியே பங்குபோட்டுக்கொண்டது.

இப்போது சங்கங்களில் இருக்கும் போர்டு வேறு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில் தொடங்கியதிலிருந்து போட்டி போர்டின் அளவுகள் உலகம் முழுக்க ஒன்றாகிவிட்டன. ஆடுகளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குழியின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் 4.13 சென்டிமீட்டருக்கும் 15 கிராமுக்கும் மிகக்கூடாது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் பத்திரமாக வைத்திருந்த யானைத் தந்த ஸ்ட்ரைக்கருக்கும் உலோக ஸ்ட்ரைக்கருக்கும் இடமே கிடையாது. போர்டு எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதற்கும் சோதனை உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் எதிர்ச் சட்டத்துக்கும் நம் சட்டத்துக்குமாகக் குறைந்தது மூன்றரை தடவை ஓட வேண்டும். போட்டி போர்டு செய்பவர்கள் 8 மில்லிமீட்டரோடு நிற்பதில்லை. இன்னும் தடித்த பலகையும் அகலச் சட்டமும் போடுகிறார்கள். விலை பத்தாயிரத்தைத் தாண்டும். தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.

அந்த போர்டில் ஆடும் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்பும்போது எந்தக் கோணத்தில் போகும் என்று நினைத்தோமோ அதே கோணத்தில் வரும். சன்னமாக ஒரு கட், பின்பக்கக் காய்க்குக் கட்டை விரலால் ஓர் அடி, ரீபவுண்டில் சிவப்பு. எல்லாம் கைக்கு அடங்கும். காய் போகவில்லையென்றால் தப்பு விரலில்தான் என்று தெரிந்துவிடும். பழைய போர்டில் பள்ளத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம். தன்னைத் திருத்திக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த போர்டு இல்லாமல் முடியாது. ஆகவே கனத்த போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் அது வந்த இடங்களில் என்ன நடக்கிறது என்றும் பார்க்கிறேன். செம்பூர் செட்டா நகரில் என் சினேகிதி குடியிருக்கும் சொசைட்டியில் நல்ல போர்டு ஒன்று வாங்கினார்கள். உயரமான ஸ்டாண்டு, தனி விளக்கு, மேலே போர்த்த உறை, எல்லாம் முறைப்படி. விலை உயர்ந்த பொருள் என்பதால் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி ஒருவரிடம். அவர் ஆபீஸ் முடிந்து ராத்திரி வந்தபின்தான் அறை திறக்கும். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில், பிள்ளைகள் பாடப் புத்தகத்தில். கடைசியில் அதில் ஆடுவது வழக்கமான நாலு பேர். யாரும் யாரையும் தடுக்கவில்லை. போர்டின் கனமும் விலையுமே ஆட்களைப் பிரித்துவிட்டன. லேசான போர்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகும். கனத்த போர்டு இருக்கும் இடத்துக்கு ஆட்கள் போக வேண்டும். போக முடியாதவர்களை ஆட்டம் இழந்துவிடுகிறது.

சின்னச் சின்ன மாற்றங்களும் இதே வேலையைச் செய்கின்றன. ஒன்று சொல்கிறேன். மும்பை மழையில் பலகை ஈரத்தை உறிஞ்சும். பவுடர் கட்டிபட்டு விரலில் ஒட்டும். முன்பு போர்டுக்கு மேலே தாழத் தொங்கவிட்ட 100 வாட் குண்டு பல்பின் சூடே பலகையைக் காயவைத்துவிடும். ஆட்டம் தொடங்குமுன் கொஞ்ச நேரம் பல்பை எரியவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ‘சரி’ என்ற பிறகுதான் காய் அடுக்குவோம். இப்போது எல்லா இடத்திலும் எல்.இ.டி. கரண்ட் பில் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் சூடு கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பலகை ஈரமாகவே கிடக்கிறது. ஈரத்தைச் சமாளிக்க வசதியுள்ளவர்கள் விலை கூடிய பவுடரும் மெருகேற்றிய பலகையும் வாங்குகிறார்கள். மற்றவர்கள் மழைக்காலத்தில் ஆடுவதையே விட்டுவிடுகிறார்கள். மழைக்காலம்தானே கேரமுக்குக் காலம்?

பவுடரில் வந்த மாற்றம் நல்ல மாற்றம். நாங்கள் போரிக் பவுடரைக் கைநிறைய அள்ளிப் போடுவோம், மூக்கெல்லாம் வெள்ளையாகும். போரிக் அமிலம் வயிற்றுக்குள் போனால் கெடுதல், பிள்ளைகள் கைபடும் இடத்தில் வைக்கக்கூடாது என்று இன்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆகவே போரிக் இல்லாத பவுடர்தான் வாங்க வேண்டும். அதையும் சிட்டிகை அளவுதான் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கை கழுவ வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றும் மாற்றத்துக்கு எவ்வளவு செலவானாலும் நான் தயார்.

மற்ற விளையாட்டுகளையும் எண்ணிப் பார். 1928 முதல் 1972 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் ஹாக்கியில் பதக்கம் வாங்கிய நம் நாடு, 1976-ல் மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆட்டம் நடந்தபோது ஏழாவது இடத்துக்குப் போனது. தரை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணிலும் புல்லிலும் ஆடிய லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கும் மேலே நடக்கும் ஆட்டத்துக்கும் நடுவே விலை கூடிய ஒரு தரை வந்து விழுந்துவிட்டது. மறுபுறம் டேபிள் டென்னிஸைப் பார். 2000-ல் பந்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகப் பெரிதாக்கினார்கள். பந்து கொஞ்சம் மெதுவானது, ரேலி நீண்டது. பெரிய பந்துக்கு ஏழைப் பிள்ளை கூடுதலாக ஒன்றும் செலவழிக்க வேண்டியதில்லை. மாற்றம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. யார் கையிலிருந்து ஆட்டம் நழுவுகிறது, யார் கைக்குப் புதிதாகப் போகிறது என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

நல்ல சாதனம் இல்லாமல் சாம்பியன் எப்படி வருவார் என்று உன் கூட்டாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வட சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பெண். 2016-ல் பர்மிங்காமில் உலகப் பட்டம் வென்ற பிரஷாந்த் மோரே நம் மும்பைக்காரர். இவர்கள் ஆடி ஜெயித்தது முதல்தர போர்டில்தான். ஆனால் வட சென்னையிலும் மும்பையின் சால் குடியிருப்புகளிலும் இந்த ஆட்டம் தெருவில் கிடந்து வளர்ந்தது. போர்டு பலபேருக்குக் கிடைத்ததால்தான் அந்தப் பலபேரில் ஒருவருடைய விரல் தனி என்று யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. அதனால்தான் 2010-ல் வந்த ‘ஸ்ட்ரைக்கர்’ இந்திப் படத்தில் நம் சித்தார்த் மால்வணிக் குடிசைப் பகுதியின் கேரம்காரனாக நடித்தபோதும், 2018-ல் ‘வடசென்னை’யில் தனுஷ் ஸ்ட்ரைக்கரைப் பிடித்தபோதும் பார்த்தவர்களுக்கு அது இயல்பாக இருந்தது. ‘வடசென்னை’ வந்த நேரத்தில் நம் கல்லியில் எத்தனை பிள்ளைகள் போர்டு கேட்டு நச்சரித்தார்கள்! எடுத்துக் கொடுக்கத்தான் போர்டு இல்லை.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள். தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். எனக்கும் தண்ணீருக்கு நிற்காத வீடு வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும். ஆனால் கல்லி என்பது எங்களுக்கு வாசல் மட்டுமில்லை, கூடம் அதுதான். மாடிக் கட்டடத்தில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸ்ட்ரைக்கர் பிடிக்கத் தெரிந்தவளா என்று யாருக்கும் தெரியாது. அப்போது லிஃப்டுக்குள் நுழைகிற, நடைபாதையில் விரிக்கிற, சுவரில் சாய்த்துவைக்கிற போர்டுதான் எங்களைச் சேர்த்துவைக்கும். ரெண்டு ஆள் தூக்கும் போர்டு ஏதாவது ஓர் ஆபீஸ் அறையில் உறைக்குள் கிடக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். கனத்த போர்டு ஒன்று வாங்குங்கள்; சங்கத்தில் ஸ்டாண்டு போட்டு வைப்போம். மீதிப் பணத்தில் லேசான போர்டு நாலு. லேசானது என்பதற்காகப் பொம்மைக் கடைக் குட்டி போர்டு கூடாது. ஆடுகளமும் குழியும் சட்டப்படியான அளவில் இருக்க வேண்டும்; பிளைவுட் 8 மில்லிமீட்டரே போதும்; சட்டம் ஒடுக்கமாக இருக்கட்டும். ஒரு பெரியவளோ ரெண்டு பிள்ளைகளோ தூக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். காயும் ஸ்ட்ரைக்கரும் ஐந்து போர்டுக்கும் ஒரே தரம், ஒரே எடை. அப்போதுதான் கல்லியில் கற்ற பிள்ளை சங்கத்து போர்டில் உட்காரும்போது கண்ணும் கையும் தடுமாறாது. வேகத்தை மட்டும் பழகிக்கொண்டால் போதும். மாட்டுங்காவில் ஒரு கடையில் விசாரித்துவிட்டேன். வாங்குமுன் ஒவ்வொரு போர்டையும் படுக்கவைத்து, நாலு பக்கமும் ஸ்ட்ரைக்கரை ஓடவிட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன்.

நாலு லேசான போர்டும் நாலு கல்லியில் நாலு பெண்கள் பொறுப்பில் இருக்கும். பெயர்களை யோசித்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்தவர்கள்தான். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு விதி: ஒரு கையில் மூன்று காய்க்கு மேல் போடக்கூடாது, மூன்றாவது விழுந்ததும் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்துவிட வேண்டும். போட்டிச் சட்டத்தில் இது கிடையாது. ஆனால் எல்லோருக்கும் கை வரும். ஒரு பிள்ளைக்கு மூன்று காய் அலுத்துப்போகும் நாளில் அதைச் சங்கத்து போர்டுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே முழுச் சட்டம், 25 பாயிண்ட் ஆட்டம், ஸ்லாம் எல்லாம் உண்டு. சங்கத்து அறையை வாரத்தில் மூன்று மத்தியானம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துவைக்க வேண்டும். சாவி ரெண்டு வேண்டும், ஒன்று என்னிடம். மழைக்கு, பழைய குண்டு பல்பு ஒன்று சங்கத்து போர்டுக்கு மேலே மாட்டுவோம்; கரண்ட் செலவு என் பென்ஷனில் இருந்து.

இதையெல்லாம் கேட்டு, ‘வளர்ச்சி வேண்டாம் என்கிறாள் அத்தை’ என்று யாரும் நினைக்க வேண்டாம். கோப்பை வாங்கும் பிள்ளை நம் கல்லியிலிருந்து வர வேண்டும் என்று உங்கள் எல்லோரையும்விட எனக்கு ஆசை அதிகம். அந்தப் பிள்ளை யார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாப் பிள்ளைகள் கைக்கும் ஸ்ட்ரைக்கர் போக வேண்டும் என்கிறேன்.

மழை இன்னும் வலுப்பதற்குள் வாங்கிவிட வேண்டும். நனைந்த பிளைவுட் நமக்கு ஆகாது. எல்லோரிடமும் பேசி, சம்மதம் என்றால் இந்த மாதத்துக்குள் பணத்தைச் சங்கக் கணக்குக்கு அனுப்பு. ரசீதும் போர்டுகளின் படமும் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன். பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் பானை வைக்கும்போது நீயும் வா. கல்லிப் பெண்கள் உன்னோடு ஆட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்று காய் விதி உனக்கும் உண்டு.

அண்ணனுக்கும் மைனிக்கும் என் அன்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை